வசந்தத் தேனீக்களின் முதல் பந்தி: படரும் வில்லோ பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில், பிரித்தானியாவில் வாழும் நம் வாசகர்களுக்காக, புல்தரைக்கு மாற்றாக வளர்க்கத்தக்க தரைமூடிச் செடிகளைப் பற்றி எழுதியபோது, படரும் வில்லோவை ஒரே பத்தியில் சொல்லிக் கடந்துவிட்டேன். சேலிக்ஸ் ரெப்பன்ஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். அந்த ஒரு பத்திக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த மாதக் கேள்வி பதில் முழுவதையும் அந்தச் செடிக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டின் முன்புறம் சுமார் 12 சதுர மீட்டர் சரிவு நிலம். களிமண். குளிர்காலத்தில் சொதசொதவென்று கிடக்கும், ஆகஸ்டில் வெடித்துவிடும். புல் நிற்பதில்லை. செயற்கைப் புல் விரித்துவிடலாம் என்கிறார் கணவர். நீங்கள் சொன்ன வில்லோ இந்த இடத்தை மூடுமா? எப்படி நடுவது? — வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: மூடும், அம்மா. ஆனால் எந்தப் பருவத்தில் எப்படி மூடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். இது இலையுதிர்ச் செடி. நவம்பர் முதல் மார்ச் வரை உங்கள் முன்றிலில் பழுப்பும் செம்மையுமான மெல்லிய குச்சிகள் மட்டுமே பின்னிக் கிடக்கும். ஆண்டு முழுவதும் பச்சை வேண்டும் என்பவருக்கு இது உகந்ததன்று. ஏப்ரலில் இலை வரும் முன்போ இலையோடு சேர்ந்தோ அந்தக் குச்சிகள் முழுவதும் வெள்ளிநிறப் பட்டுமொட்டுகள் விரிந்து, மஞ்சள் மகரந்தம் பூத்து, வண்டினமும் தேனீயும் மொய்ப்பதைப் பார்ப்பவருக்கு அந்த ஐந்து மாதக் காத்திருப்பு பெரிதாகத் தோன்றாது என்பது என் அனுபவம்.

இதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். வளமான இடத்தில் ஒன்றரை மீட்டர் வரை போகலாம். நிலத்தடியில் ஊர்ந்து செல்லும் தண்டுகளால் பக்கவாட்டில் பரவுகிறது. தரையைத் தொடும் கிளை தானே வேர்விடும். கடலோர மணல்மேடுகளில் காற்று மணலை வாரி இதன்மேல் கொட்டினால், புதையுண்ட தண்டிலிருந்து புதுவேர் விட்டு, மணலையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு மேலே எழும்பிவிடும். மழைநீர் மண்ணை அரித்துச் செல்லும் சரிவில் உங்களுக்கு வேண்டியதும் இந்தக் குணந்தான்.

நடும் காலம் நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை. மண் உறைந்தோ தண்ணீர் தேங்கியோ இருக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். நடுவதற்கு முன்பாகச் செய்ய வேண்டிய வேலைதான் கடினமானது. பற்றிப் படரும் கொடிக்களைகளையும் புல்லின் வெள்ளை வேர்களையும் விரல்விட்டுத் தேடி முழுக்க எடுத்துவிட வேண்டும். வில்லோ பின்னிப் படர்ந்த பிறகு உள்ளே கையை விட்டுக் களை பிடுங்க முடியாது. செடிக்குச் செடி 75 செ.மீ. இடைவெளி விட்டால் உங்கள் இடத்துக்கு இருபது செடி போதும். மூன்றாம் ஆண்டளவில் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். உரம் போடாதீர்கள், சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய செடி இது. முதல் இரண்டு கோடைகளில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அதன்பின் உங்கள் களிமண்ணே ஈரத்தைக் கொடுக்கும். வெயில் நன்றாகப் படும் இடமாக இருக்க வேண்டும். அடர்ந்த நிழலில் இது நீண்டு மெலிந்து, பூக்காமல் நிற்கும்.

களை வராமலிருக்கக் கருப்பு நெகிழித்துணி விரிக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்கிறேன்: வேண்டாம். ஊரும் தண்டு மண்ணைத் தொட முடியாவிட்டால் இந்தச் செடியை நடுவதே வீண். மரப்பட்டைத் துண்டுகளால் ஐந்து அல்லது ஆறு செ.மீ. கனத்துக்கு மூடாக்கு போடுங்கள். சரிவில் வெயில் படும் ஓரிடத்தில் மட்டும் முழங்கை அளவு வெறும் மண்ணை விட்டுவையுங்கள். மண்ணில் வளை தோண்டி வாழும் தனித்தேனீக்கள் உணவருகே வீடு கட்டிக்கொள்ள அது உதவும். செயற்கைப் புல்லை நான் ஏன் மறுக்கிறேன் என்பதற்கும் இதுவே விடை: அதன்கீழ் எந்தத் தேனீயும் வளை தோண்ட முடியாது.

வில்லோ வேர் கழிவுநீர்க் குழாயை உடைத்துவிடுமே என்ற அச்சம் நெடிய மரமாக வளரும் வில்லோக்களைப் பற்றியது. இது குறுஞ்செடி என்றாலும் ஈரத்தைத் தேடும் இனமே. பழைய மண்குழாய் செல்லும் தடத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நடுவது நல்லது.

கேள்வி: என் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். வில்லோ என்பது வேதாகமத்தில் வரும் அலரிதான், அலரி நஞ்சு, பேரப்பிள்ளை ஓடியாடும் வளவில் அதை நடக்கூடாது என்கிறார். பிள்ளைக்கு இரண்டு வயது. அம்மா சொல்வது சரியா? — வாசகர், நியூ மோல்டன்

பதில்: உங்கள் தாயாரின் எச்சரிக்கை அன்பிலிருந்து வருவது, அலரியைப் பொறுத்தவரை முழு உண்மையும்கூட. குழப்பம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பாபிலோன் ஆறுகளின் கரையில் அமர்ந்து அழுததாகப் பாடும் 137ஆம் சங்கீதத்தில், ஆங்கில வேதாகமம் வில்லோ என்று சொல்லும் இடத்தில் பழைய தமிழ் வேதாகமம் அலரிச்செடி என்று சொல்கிறது. நீர்க்கரையில் நின்று நீண்ட ஒடுங்கிய இலை விடும் செடி என்பதால் மொழிபெயர்த்தவர்களுக்கு அது நெருங்கிய சொல்லாகப் பட்டிருக்கலாம். ஆனால் தமிழகத்தில் அரளி என்றும் ஈழத்தில் அலரி என்றும் நாம் அழைக்கும் செடிகள் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பாலும் இலையும் விதையும் இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. வில்லோவுக்கும் அவற்றுக்கும் உறவே இல்லை.

வில்லோ எதற்கு உறவு என்று அம்மாவுக்கு விளக்க ஓர் எளிய வழி உண்டு. கிரிக்கெட் மட்டை செய்யும் மரம் சேலிக்ஸ் ஆல்பா. நம் படரும் வில்லோ அதன் குள்ளத் தங்கை. இன்னும் நெருங்கிய அடையாளம் வேண்டுமென்றால், தமிழகத்து ஆற்றோரங்களில் வளரும் ஆற்றுப்பாலை இதே பேரினத்து மரந்தான்.

பிள்ளை ஓர் இலையைப் பிய்த்து வாயில் வைத்தால் கசப்புத் தாங்காமல் தானே துப்பிவிடும். அந்தக் கசப்பு சாலிசின் என்னும் பொருளால் வருவது. 1763இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார் வில்லோப் பட்டைப் பொடியைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். பின்னாளில் ஆஸ்பிரின் பிறந்த வழியில் அது ஒரு முக்கியமான படி. அதற்காக வீட்டில் பட்டைக் கஷாயம் வைக்க வேண்டாம். ஆஸ்பிரின் ஒவ்வாதவருக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கும், சிறுபிள்ளைகளுக்கும் அது ஆகாது. செடியாக மட்டும் அது உங்கள் வளவில் இருக்கட்டும்.

கேள்வி: வில்லோ என்று எழுதியிருந்த சிறு செடியொன்றைப் பேரங்காடியில் வாங்கி நட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. குடை பிடித்தாற்போல் நிற்கிறதே தவிரப் படரவேயில்லை. என் கைராசியா, செடியின் குறையா? — வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: உங்கள் கையில் குறையில்லை, செடியிலும் இல்லை. நீங்கள் வாங்கியது பெரும்பாலும் கில்மார்னாக் என்ற வகையாக இருக்கும். அது சேலிக்ஸ் காப்ரியா என்னும் வேறோர் இனத்தின் தொங்கும் கிளையை, ஒரு மீட்டர் உயரக் கம்பில் ஒட்டுக்கட்டி உருவாக்குவது. எத்தனை ஆண்டானாலும் குடையாகவே நிற்கும். அதைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அதுவும் வசந்தத்தில் தேனீக்களுக்கு நன்றாகவே உணவளிக்கும். ஒட்டுக்குக் கீழே கம்பிலிருந்து கிளம்பும் துளிர்களை மட்டும் அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

படரும் வில்லோ வாங்கும்போது சேலிக்ஸ் ரெப்பன்ஸ் என்ற பெயரைச் சீட்டில் பார்த்து வாங்க வேண்டும். இலை வெள்ளிநிறமாக இருக்கும் அர்ஜென்டியா என்ற வகை கடலோர மணல்மேடுகளுக்கு உரியது, தோட்டத்திலும் அழகாக இருக்கும். நாட்டுத் தாவரங்களை மட்டும் வளர்த்து விற்கும் நாற்றங்கால்களில், பிரித்தானிய மண்ணில் எடுத்த விதை அல்லது போத்திலிருந்து வந்த செடியா, பூச்சிமருந்து இட்டு வளர்த்ததா என்ற இரண்டு கேள்விகளையும் கூசாமல் கேளுங்கள். தேனீக்காக நடும் செடி நஞ்சோடு வந்தால் என்ன பயன்?

இன்னொன்றையும் கேட்டுப் பெறுங்கள். வில்லோவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நம் ஊர்ப் பனையைப் போலத்தான். ஆண் செடி மகரந்தமும் தேனும் இரண்டையும் தரும், பெண் செடி தேனை மட்டும் தரும். குளிர்கால உறக்கத்திலிருந்து எழுந்து வரும் பம்பிள் தேனீ அரசிக்கு முட்டை வளர மகரந்தம் கட்டாயம் வேண்டும். அந்த நாட்களில் வேறு பூக்கள் அரிது. எனவே ஆண் செடிகளை மிகுதியாகவும் இடையிடையே ஒன்றிரண்டு பெண் செடிகளையும் வையுங்கள்.

பணம் கொடுத்து இருபது செடி வாங்கவும் தேவையில்லை. நண்பர் வீட்டில் நல்ல ஆண் செடி இருந்தால், முருங்கைப் போத்து நடுவதுபோல, யாழ்ப்பாணத்து வேலியில் கதியால் போடுவதுபோலத்தான் இதுவும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பென்சில் கனக் குச்சிகளை 25 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, தலைகீழாகிவிடாமல் பார்த்து, முக்கால் பங்கு மண்ணுக்குள் இறங்கும்படி செருகிவிடுங்கள். பெரும்பாலானவை வேர்பிடித்துவிடும். காட்டிலிருந்தோ மணல்மேட்டிலிருந்தோ பிடுங்கி வர மட்டும் நினைக்காதீர்கள். நில உரிமையாளரின் அனுமதியின்றிக் காட்டுச்செடியை வேரோடு பெயர்ப்பதை 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: ஐயா, நீங்கள் முன்பொருமுறை எழுதியதைப் படித்து நான்கு ஆண்டுகளுக்கு முன் நட்டேன். நன்றாகப் பரவியது. ஆனால் இந்தக் கோடையில் இலையெல்லாம் ஓட்டை. சில இலைகளில் அவரை விதைபோல் சிவந்த புடைப்புகள். போதாக்குறைக்கு, இரண்டு வால்களை உயர்த்திக்கொண்டு செவ்வளையம் போட்ட முகத்தோடு ஒரு பெரிய பச்சைப்புழு. மகள் பயந்து கத்திவிட்டாள். எந்த மருந்து அடிப்பது? — வாசகி, லெஸ்டர்

பதில்: எதையும் அடிக்காதீர்கள். உங்கள் கடிதம் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்பதைச் சொன்னால் நீங்கள் தவறாக நினைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தப் பச்சைப்புழு, பிரித்தானியர் பஸ் மாத் என்று அழைக்கும் அந்துப்பூச்சியின் புழு. முதுகில் சேணம் போட்டாற்போல் கரும்பழுப்புப் பட்டை இருந்திருக்கும். முகத்தைச் சுற்றிய சிவப்பும், வால்களின் நுனியிலிருந்து நீளும் சிவந்த இழைகளும் பறவைகளை அச்சுறுத்துவதற்காக. மிகவும் சீண்டினால் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும் என்பதால் கையால் தொட வேண்டாம், எட்ட நின்று பார்க்கலாம். வில்லோவும் பாப்லரும்தான் அதன் உணவு. செப்டம்பருக்குள் தின்று முடித்து, பட்டையைச் சுரண்டித் தன் நூலோடு பிசைந்து, மரத்தோடு மரமாகத் தெரியும் ஒரு கெட்டிக் கூட்டைக் கட்டிக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கும். அடுத்த மே மாதம் முதல் அதிலிருந்து பூனைக்குட்டியின் மென்மயிர் போர்த்த வெண்ணிற அந்துப்பூச்சி வெளிவரும். மகளை அழைத்துப் போய் அந்தக் கூட்டைத் தேடச் சொல்லுங்கள். பயம் போய்விடும்.

சிவந்த அவரை விதைகள் ஒருவகைச் சிறு ரம்பக் குளவியின் வேலை. இலைக்குள் அது முட்டையிட, செடி தானே அந்தப் புடைப்பை வளர்க்கிறது. உள்ளிருக்கும் புழு அதைத் தின்று வளர்கிறது. செடிக்கு இதனால் பொருட்படுத்தத்தக்க கேடு ஏதுமில்லை. இலை விளிம்பில் வரிசையாக நின்று உடம்பை வளைத்துத் தூக்கும் சிறு புழுக்களைக் கண்டால் அவையும் இந்தக் குளவிக் கூட்டத்தாரே.

தரைமூடிச் செடியென்றால் பூச்சி அண்டாதது, இலை கசங்காதது என்று விற்பவர்கள் சொல்லிச் சொல்லி நம்மைப் பழக்கிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பல தரைமூடிகளில் ஓட்டை விழாததற்குக் காரணம், இங்குள்ள பூச்சிகளுக்கு அவற்றைத் தின்னத் தெரியாது என்பதே. பூச்சிக்கு உணவாகாத செடி பறவைக்கும் உணவாகாது. நீலச் சிட்டுகள் தம் குஞ்சுகளை ஏறக்குறைய முழுக்கப் புழுக்களைக் கொடுத்தே வளர்க்கின்றன. 1961இல் பூச்சியியல் அறிஞர் சவுத்வுட், பிரித்தானிய மரங்களை அண்டி வாழும் பூச்சியினங்களை எண்ணி வெளியிட்ட பட்டியலில் ஓக் மரத்துக்கு 284, வில்லோக்களுக்கு 266, பிர்ச்சுக்கு 229 என்று கணக்கு வந்தது. வில்லோ இனங்கள் அனைத்தையும் சேர்த்த தொகை அது. படரும் வில்லோவுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் எத்தகைய விருந்தோம்பும் குடும்பம் இது என்பது புலப்படும்.

சில விருந்தினருக்கு இந்த ஒரு செடியை விட்டால் வேறு போக்கிடமில்லை. யார்க் நகருக்கு அருகிலுள்ள ஸ்ட்ரென்சால் பொதுநிலத்தில் டார்க் பார்டர்ட் பியூட்டி என்ற ஆரஞ்சு நிறச் சிற்றந்துப்பூச்சி வாழ்கிறது. ஸ்காட்லாந்தில் அதன் புழு ஆஸ்பென் மரத்துளிர்களைத் தின்னும். இங்கிலாந்தில் எஞ்சியுள்ள அந்த இடத்திலோ படரும் வில்லோவின் இலைதான் அதன் உயிர். அது உங்கள் லெஸ்டர் தோட்டத்துக்குப் பறந்து வந்துவிடாது. ஆனால் ஓட்டை விழுந்த ஓர் இலையை நாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அது கற்றுத்தருகிறது.

இரண்டே இரண்டு இலையோடு நிற்கும் முதலாண்டுச் செடியைப் புழு மொட்டையடித்தால், புழுவைக் கை படாமல் எடுத்துப் பெரிய செடியில் விட்டுவிடுங்கள், அதில் தவறில்லை. நான்காண்டுச் செடி தானே துளிர்த்துக்கொள்ளும்.

கேள்வி: ஏன்ஸ்டேல் மணல்மேடுகளில் நடக்கப் போனபோது, இதே வில்லோவை ஆட்கள் வெட்டி அகற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இயற்கைக் காப்பகத்திலேயே வெட்டும் செடியை நாங்கள் ஏன் நட வேண்டும்? — வாசகர், சவுத்போர்ட்

பதில்: கூர்ந்து பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். ஏன்ஸ்டேல் அமைந்துள்ள செஃப்டன் கடற்கரையின் மணல்மேடுகளுக்கு இடையே குளிர்காலத்தில் நீர் தேங்கும் பள்ளங்கள் உண்டு. அங்கே படரும் வில்லோ மண்ணின் மகள்தான். ஆனால் ஒரு காலத்தில் காற்று மணலை நகர்த்திக்கொண்டேயிருந்தது, முயல்கள் கூட்டங்கூட்டமாக மேய்ந்தன. 1953இல் பிரித்தானியாவுக்குள் வந்த மிக்சோமட்டோசிஸ் நோய் முயல்களை வாரிக்கொண்டு போனபின், மேய்ச்சல் குறைந்து புதர் அடர்ந்தது. அந்தப் பள்ளங்களின் ஆழமற்ற, வெயிலில் சூடேறும் குட்டைகளில்தான் அரிய நாட்டர்ஜாக் தேரை முட்டையிடுகிறது. வில்லோ முழுவதையும் மூடிவிட்டால் தேரைக்கு இடமில்லை. ஆகவே சில இடங்களில் வெட்டுகிறார்கள், சில இடங்களில் மாடுகளை மேயவிடுகிறார்கள். முற்றாக ஒழிப்பது நோக்கமன்று.

ஒழிக்கவும் கூடாது. அதே மணல்மேடுகளில் மார்ச் இறுதியிலிருந்து பறக்கும் கொலெட்டெஸ் குனிகுலாரியஸ் என்ற தனித்தேனீ, மணலில் வளை தோண்டி, பெரும்பாலும் படரும் வில்லோவின் மகரந்தத்தை நம்பியே தன் பிள்ளைகளை வளர்க்கிறது. ஏப்ரலில் ஒரு வெயில் நாளில் போய்ப் பாருங்கள். மணற்சரிவு முழுவதும் ஆண் தேனீக்கள் தரையை ஒட்டித் தாழப் பறந்துகொண்டேயிருக்கும். தேரைக்குத் திறந்த குட்டையும் தேனீக்கு வில்லோப் பூவும் என்று இரண்டையும் அருகருகே வைத்திருப்பது காப்பாளர்களின் நுட்பமான வேலை. உங்கள் வீட்டுத் தோட்டத்தில் அந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் கத்தரிக்கோலோடு முயலின் வேலையை நீங்களே பார்க்கப்போகிறீர்கள்.

அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு வளர்ந்த குச்சியில்தான் இவ்வாண்டு பூ வரும். குளிர்காலத்தில் செடி முழுவதையும் மழித்துவிட்டால் அந்த வசந்தத்தில் தேனீக்குப் பட்டினி. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கைப் பிப்ரவரி முடிவதற்குள் தரையோடு வெட்டுங்கள். மீதி இரண்டு பங்கு பூக்கட்டும். மார்ச்சுக்குப் பின் வெட்ட நேர்ந்தால், உள்ளே பறவைக்கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் கத்தியை வைக்காதீர்கள். குடியிருக்கும் கூட்டைக் கலைப்பது மேலே சொன்ன அதே சட்டப்படி குற்றம்.

கேள்வி: எங்கள் வீடு கோத்தகிரியில். இங்கும் லண்டனைப் போன்ற குளிர்தான். இந்த வில்லோவின் போத்து ஒன்றிரண்டை, இங்கிலாந்திலிருந்து வரும் உறவினர் பெட்டியில் கொண்டுவந்தால் இங்கே வளருமா? — வாசகி, நீலகிரி

பதில்: வளரக்கூடும். அதனால்தான் கொண்டுவர வேண்டாம் என்கிறேன். முதலாவதாக, உரிய அனுமதியும் நோய்ச்சோதனைச் சான்றும் இல்லாமல் உயிருள்ள செடியையோ போத்தையோ நாட்டுக்குள் கொண்டுவருவதை 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அனுமதிப்பதில்லை. இரண்டாவது காரணம் உங்கள் கண்முன்னே இருக்கிறது. பிரித்தானியர் தம் ஊர் நினைவாகக் கொண்டுவந்த மஞ்சள் பூப் புதர்களான கார்ஸும் ஸ்காட்ச் புரூமும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரமும், சோலைகளை ஒட்டிய புல்வெளிகளை எவ்வளவு விழுங்கிவிட்டன என்பதை நீலகிரிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்ஸ் இங்கிலாந்தில் மண்ணின் செடி, அங்கே பல பூச்சிகளுக்கு அது உணவு, அவையே அதைக் கட்டுக்குள் வைக்கின்றன. ஊட்டியில் அதைத் தின்ன ஆளில்லை.

ஹாரோ வாசகிக்குப் படரும் வில்லோவைச் சொன்னது அது வில்லோ என்பதற்காக அன்று, அந்த ஊர்ப் பூச்சி அறிந்த செடி என்பதற்காக. உங்கள் மலைக்கு அப்படிப்பட்டவை நிறைய உண்டு. குடம்போன்ற வெண்பூக்கள் தொங்கும் கால்தீரியா ஃபிராக்ரன்டிசிமா ஒன்று. விண்டர்கிரீன் தைலம் என்று ஊட்டிக் கடைகளில் விற்பது அதன் இலையிலிருந்து வடிப்பதே. அந்த மணத்துக்குக் காரணமான பொருள் வில்லோவின் கசப்புக்கு நெருங்கிய இரசாயன உறவு. பெரிய மஞ்சள் பூக்கள் பூக்கும் ஹைப்பெரிக்கம் மைசூரென்சே இன்னொன்று. குறிஞ்சி இனங்களில் குட்டையானவை வேறு. வீட்டோரம் ஓடை இருக்குமானால், போத்து வைத்து வளர்க்க ஆற்றுப்பாலை இருக்கிறது. அதற்குப் பெட்டியும் வேண்டாம், விமானமும் வேண்டாம். சோலைத் தாவரங்களை வளர்க்கும் நாற்றங்காலொன்று அருகில் இருந்தால் விசாரித்து, ஜூன் மழை பிடிக்கும்போது நடுங்கள்.